இரவு 9 மணிக்கு என்ன போடலாம்? உள்ளூர் கேபிள் சேனலுக்காக ஓர் ஒப்பீடு

கோவில்பட்டிப் பக்கம் உள்ளூர் கேபிள் சேனல் நடத்தும் நண்பர் ஒருவர் போன மாதம் போன் செய்தார். இரவு 9 மணிக்கு இத்தனை நாள் பழைய பாட்டும் கொடை விழா வீடியோவும் ஓடிக்கொண்டிருந்தன, இனி அந்த நேரத்தில் தினமும் ஒரு செய்தி நிகழ்ச்சி போடப் போகிறேன், எந்த மாதிரி போட்டால் நிற்கும், நீங்கள் செய்தி டெஸ்கில் இருந்தவர்தானே, சொல்லுங்கள் என்றார். அவர் கையில் இருப்பது 2 கேமரா, ஒரு ரிப்போர்ட்டர், சுற்று வட்டாரத்தில் 2 ஸ்ட்ரிங்கர்கள் (அனுப்பும் செய்திக்குப் பணம் வாங்கும் பகுதி நேரச் செய்தியாளர்கள்), எடிட்டிங்கும் கிராபிக்ஸும் சேர்த்துப் பார்க்கும் ஒரு தம்பி, நன்றாகச் செய்தி வாசிக்கத் தெரிந்த ஒரு பள்ளி ஆசிரியை. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதியே கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன், வேறு ஊர்களில் இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் பயன்படும்.

கேபிளில் இரவுச் செய்தி நிகழ்ச்சி என்பது நாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய சமாச்சாரம் இல்லை. 1980 ஜூன் 1 அன்று டெட் டர்னர் அட்லாண்டாவில் சிஎன்என் என்ற 24 மணி நேரச் செய்திச் சேனலைத் தொடங்கியதிலிருந்து நாற்பத்தைந்து வருஷமாக அமெரிக்காக்காரர்கள் இதில் எல்லா வடிவத்தையும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். எது எப்படி வளர்ந்தது, எது எங்கே உடைந்தது என்பதும் தெரியும். பெரிய சேனல், பெரிய பணம், நமக்கு எப்படிப் பொருந்தும் என்று நண்பர் கேட்டார். பணம் பொருந்தாது, ஆனால் வடிவம் பொருந்தும். ஒரு மேஜை, ஒரு முகம், ஒரு கடிகாரம், இந்த மூன்றையும் வைத்து என்ன செய்வது என்பதுதான் அங்கேயும் கேள்வி.

முதலில் சாதாரண செய்தி அறிக்கையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிஎன்என் தன் இரண்டாவது சேனலை 1982 தொடக்கத்தில் கொண்டுவந்தபோது அரை மணி நேரத்துக்கு ஒரு முறை தலைப்புச் செய்திகளைச் சக்கரம் போலச் சுற்றவிட்டது. எப்போது டிவியைப் போட்டாலும் அரை மணிக்குள் உலகம் தெரிந்துவிடும் என்பது அன்றைக்குப் பெரிய வசதி. இன்றைக்கு அந்த வேலையைப் போன் செய்கிறது. சென்னைச் செய்தியையும் டெல்லிச் செய்தியையும் சன் நியூஸும் புதிய தலைமுறையும் உங்களைவிட நன்றாகவே கொடுப்பார்கள். பைபாஸில் நடந்த விபத்து 9 மணிக்குள் ஊரிலுள்ள எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்திருக்கும். ஆனாலும் 4 நிமிஷம் உள்ளூர்த் தலைப்புச் செய்தி கட்டாயம் வேண்டும். சீவலப்பேரித் தண்ணீர் நாளை எந்தத் தெருவுக்கு, எங்கே மின்தடை, மார்க்கெட்டில் என்ன விலை, இதெல்லாம் வேறு எந்தச் சேனலிலும் வராது. முழு நிகழ்ச்சியாக வேண்டாம், தொடக்கமாக வையுங்கள்.

அடுத்து விவாதம். நண்பர் மனதில் இருந்ததும் இதுதான், போனிலேயே 'நாலு பேரை உட்காரவைத்துப் பேசவிட்டால் ஆச்சு' என்றார். அந்த ஆசை எனக்கும் புரிகிறது. ரிப்போர்ட்டர் எங்கேயும் போக வேண்டாம், பெட்ரோல் செலவு இல்லை, எடிட் இல்லை, விருந்தினர்களுக்குக் காபி கொடுத்தால் போதும், ஒரு மணி நேரம் நிரம்பிவிடும். சிஎன்என் 1982-இல் தொடங்கிய 'கிராஸ்ஃபயர்' இந்த வகைக்கு ஒரு முன்னோடி. இடதுசாரி ஒருவர், வலதுசாரி ஒருவர், எதிரே விருந்தினர், அரை மணி நேரம். முதலில் டாம் பிரேடனும் பேட் புக்கானனும் நடத்தினார்கள். ஆரம்பத்தில் அரசியல்வாதிகளை இரண்டு பக்கமிருந்தும் நெருக்கிக் கேட்கும் இடமாகத்தான் இருந்தது. வருஷம் போகப் போக, கேள்வி கேட்பவர் எந்தக் கட்சிக்காக உட்கார்ந்திருக்கிறார் என்பதே நிகழ்ச்சியாகிப்போனது.

2004 அக்டோபர் 15 அன்று நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டுவர்ட் அந்த நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனார். சிரிக்கவைப்பார் என்று கூப்பிட்டவர்களிடம், நீங்கள் செய்வது விவாதமே இல்லை, நாடகம், இதனால் நாட்டுக்குக் கெடுதல், நிறுத்துங்கள் என்று நேருக்கு நேராகச் சொன்னார். அடுத்த ஜனவரியிலேயே சிஎன்என் நிகழ்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது, அப்போதைய தலைவர் ஜோனதன் க்ளைன் ஸ்டுவர்ட் சொன்னதில் தனக்கும் உடன்பாடு உண்டு என்றே சொன்னார். 2013-இல் மறுபடி ஆரம்பித்துப் பார்த்தார்கள், ஒரு வருஷம் சுமாராக ஓடி 2014-இல் நின்றுபோனது.

இந்தியாவில் நடந்தது வேறு. 2006 ஜனவரியில் வந்த டைம்ஸ் நவ் சேனலில் அர்னாப் கோஸ்வாமி நடத்திய 'நியூஸ்அவர்' இரவு 9 மணியை நாடு முழுக்க விவாத நேரமாக்கியது. இரண்டு மூன்று முகங்கள் இருந்த திரையில் ஆறு, எட்டு பெட்டிகள் வந்தன. அவர் 2016-இல் அங்கிருந்து விலகி 2017 மே மாதம் ரிபப்ளிக் டிவியைத் தொடங்கியபோது வடிவமும் கூடவே போனது, மற்ற சேனல்களும் அதையே செய்தன. தமிழிலும் 2011-க்குப் பிறகு வந்த செய்திச் சேனல்களில் 'நேர்படப் பேசு', 'ஆயுத எழுத்து' என்று மாலைக்கு மேல் விவாதம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. இவற்றில் நல்ல இரவுகள் பல உண்டு, நான் மறுக்கவில்லை. நெறியாளர் தயாரித்துக்கொண்டு வந்த நாட்களில் ஒரு சட்ட மசோதாவைச் சாதாரண ஆள் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் உள்ளே இருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நான் சில வருஷம் ஒரு சேனலில் விவாதத்துக்கு ஆள் பிடிக்கும் வேலையும் பார்த்தேன். மாலை 4 மணிக்கு மேல்தான் தலைப்பு முடிவாகும். உடனே போனை எடுத்தால், விஷயம் தெரிந்தவர் யார் என்று தேட நேரமே இருக்காது, 8 மணிக்குள் ஸ்டுடியோவுக்கு வந்து சேரக்கூடியவர் யார் என்றுதான் பார்க்க முடியும். அதனால் திங்கட்கிழமை நீட் தேர்வு பற்றிப் பேசியவரே புதன்கிழமை காவிரி பற்றிப் பேசுவார், வெள்ளிக்கிழமை பட்ஜெட்டுக்கும் அவர்தான். ஒரு முறை ஆலை விபத்து பற்றிய விவாதத்துக்கு ஒரு தொழிலாளியைக் கூட்டி வந்தோம். ஒரு மணி நேரத்தில் அவருக்குக் கிடைத்தது மூன்று வாக்கியம், நான்காவது வாக்கியத்தில் பக்கத்துப் பெட்டிக்காரர் குறுக்கே புகுந்துவிட்டார். லிஃப்டில் இறங்கும்போது 'நான் சொல்ல வந்ததே அதுக்கப்புறம்தான் சார்' என்றார். இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

ஊர் சேனலில் இந்தப் பிரச்சினை இன்னும் கூடும். கோவில்பட்டி மாதிரி ஊரில் கட்சிக்கு ஒருவர் என்று கூப்பிட்டால் மொத்தம் ஐந்தாறு பேர்தான் தேறுவார்கள், இரண்டு வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். காலையில் அவர்களே டீக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள். யாருக்கு எத்தனை நிமிஷம் கொடுத்தீர்கள் என்று கணக்குப் பார்த்து உங்களுக்குத்தான் போன் வரும். விளம்பரம் தருகிற கடைக்காரருக்கும் வரும். ஆகவே தினசரி விவாதத்துக்கு என் வாக்கு இல்லை. தேர்தல் மாதத்தில் வார்டு வார்டாக வேட்பாளர்களை உட்காரவைக்கலாம், அதற்கு மட்டும் இந்த மேஜையை எடுத்து வையுங்கள்.

பேட்டி நிகழ்ச்சி அடுத்தது. லாரி கிங் 1985 முதல் 2010 வரை 25 வருஷம் சிஎன்என்னில் இரவு 9 மணிக்கு உட்கார்ந்திருந்தார், சட்டைக்கு மேல் சஸ்பெண்டர், மேஜையில் பழைய மைக், பின்னால் புள்ளிப் புள்ளியாக உலக வரைபடம். விருந்தினரின் புத்தகத்தைப் படிக்காமலே வருவேன், பார்க்கிறவர்களுக்கு என்ன தெரியாதோ அது எனக்கும் தெரியாமல் இருந்தால்தான் கேள்வி சரியாக வரும் என்பது அவர் கொள்கை. அவர் நிகழ்ச்சியின் உண்மையான பலம் போனில் வரும் நேயர்கள் என்று நினைக்கிறேன். 1992 பிப்ரவரியில் தொழிலதிபர் ராஸ் பெரோ அந்த மேஜையில்தான், 50 மாநிலத்திலும் மக்கள் என் பெயரை வாக்குச் சீட்டில் ஏற்றினால் அதிபர் தேர்தலில் நிற்கிறேன் என்றார், நின்றும் காட்டினார். அடுத்த வருஷம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் சேர்ந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் பற்றி அவரும் துணை அதிபர் அல் கோரும் அங்கேயே மோதிக்கொண்டதை, அதுவரை கேபிள் நிகழ்ச்சி எதற்கும் கிடைக்காத அளவுக்குக் கூட்டம் பார்த்தது.

நம் ஊரில் தினமும் பேட்டி என்றால் மூன்று மாதத்தில் ஆள் தீர்ந்துபோகும். வாரம் ஒரு நாள், வெள்ளியோ சனியோ, நன்றாக நிற்கும். கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அது, பாகு காய்ச்சுகிறவர் ஒருவரைக் கூப்பிட்டு அரை மணி நேரம் கேட்டால் ஊரே பார்க்கும். படிக்காமல் வருவேன் என்ற லாரி கிங் வழியை மட்டும் எடுக்காதீர்கள். அவருக்கு அதற்கு முன் வானொலியில் பல வருஷப் பழக்கம் இருந்தது.

இப்போது தனி முகம். ஒரே ஆள் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தாங்குவது. என்னை ஒரு காலத்தில் மிகவும் இழுத்தது இந்த வகைதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எம்எஸ்என்பிசி என்ற அமெரிக்கச் செய்திச் சேனலில் கீத் ஓல்பர்மேன் நடத்திய 'கவுண்ட்டவுன்' 2003 மார்ச் 31 அன்று, ஈராக் போர் நடந்துகொண்டிருந்தபோது தொடங்கியது. அவர் விளையாட்டுச் செய்தியிலிருந்து வந்தவர், அந்த வேகம் அப்படியே இருந்தது. நாளின் ஐந்து செய்திகளை எடுத்துக்கொண்டு ஐந்தாம் எண்ணிலிருந்து ஒன்று வரை இறங்கி வருவார். கேட்கச் சின்ன உத்தியாகத் தெரியும், ஆனால் அடுத்த எண் என்ன என்ற எதிர்பார்ப்பிலேயே ஆட்கள் விளம்பர இடைவேளையைத் தாண்டி உட்கார்ந்திருப்பார்கள். 2006 ஆகஸ்டில் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்டின் பேச்சுக்குப் பதில் சொல்லும் விதமாகக் கேமராவைப் பார்த்து நேராக ஒரு நீண்ட கருத்துரை சொன்னார். அப்புறம் அந்தக் கருத்துரையே நிகழ்ச்சியின் அடையாளமானது. எதிர் முகாமில் ஃபாக்ஸ் நியூஸில் பில் ஓ'ரைலி அதே 8 மணிக்கு இருந்தார், தன் தொடக்க உரையின் முக்கியமான வரிகளைப் பேசப் பேசத் திரையின் ஓரத்தில் எழுத்தாகவும் காட்டுவார். இது ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், டீக்கடையிலும் சலூனிலும் சத்தம் குறைத்து ஓடும் டிவிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

ஓல்பர்மேன் விடுப்பில் போனபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் ரேச்சல் மேடோ. 2008 செப்டம்பர் 8 முதல் அவருக்கே 9 மணி கிடைத்தது. எங்கோ முப்பது வருஷம் முன்னால் நடந்த ஏதோ ஒரு சம்பவத்தில் ஆரம்பிப்பார், இன்றைய செய்திக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நாம் யோசிக்கும்போதே பத்து, பதினைந்து நிமிஷம் ஓடிவிடும், பிறகு ஓரிடத்தில் இரண்டும் வந்து ஒட்டும். இடைவேளையே இல்லாமல் ஒரு பெண் கதை சொல்வதை நாடே உட்கார்ந்து கேட்டது. அந்தக் கதைக்குப் பின்னால் நாள் முழுக்கப் படித்துத் தேடிக் கொடுக்கும் குழு இருந்தது, அப்படியும் 2022 மே மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொண்டார். உங்கள் ஆசிரியை பள்ளி முடிந்து வந்து வாரம் ஐந்து இரவு இதைச் செய்ய வேண்டும் என்று கேட்பது நியாயமே இல்லை.

நம் நாட்டில் இந்த வகையில் நான் மதிப்பது என்டிடிவி இந்தியாவில் ரவீஷ் குமார் நடத்திய 'பிரைம் டைம்'. 2016 பிப்ரவரி 19 அன்று, டெல்லி ஜேஎன்யு பல்கலைக்கழக விவகாரத்தில் சேனல்கள் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், திரையை இருட்டாக்கிவிட்டு வெறும் குரல்களை மட்டும் கேட்கவைத்தார், இதுதான் உங்கள் டிவியின் நிலைமை என்று. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பிற்பாடு அவர் செய்த பல்கலைக்கழகத் தொடரும் வேலைவாய்ப்புத் தொடரும். ஆசிரியர் இல்லாத கல்லூரிகள், தேர்வு எழுதி வருஷக்கணக்கில் முடிவு வராமல் காத்திருக்கும் இளைஞர்கள் என்று இரவு இரவாகப் போனார். அதற்கான சரக்கில் பெரும்பகுதி நேயர்களே அனுப்பிய செய்திகள். 2019-இல் மகசேசே விருது கிடைத்தது, 2022 நவம்பர் கடைசியில் அந்தச் சேனலை விட்டு விலகினார். அவர் போனதும் அந்த நிகழ்ச்சியும் போயிற்று. தனி முகத்தின் ஆபத்து இதுதான். ஓ'ரைலி புகார்களால் 2017-இல் வெளியேற்றப்பட்டபோது ஃபாக்ஸ் வேறு ஒருவரை உட்காரவைத்துச் சமாளித்தது, ஏனென்றால் அவர்களிடம் வரிசையாக ஆள் இருந்தது. உங்களிடம் ஒருவர்தான் இருக்கிறார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் சேனலுக்கே காய்ச்சல் வந்த மாதிரி.

சரி, நான் எதைச் சொல்ல வருகிறேன்? ஓர் இரவு, ஒரு விஷயம், அரை மணி நேரம். இந்த வடிவம் கேபிளில் பிறந்ததில்லை. 1973-இல் அதிபர் நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழல் விசாரணையின் ஒளிபரப்பைச் சேர்ந்து நடத்திய ராபர்ட் மெக்நீலும் ஜிம் லெரரும் 1975 முதல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஓர் இரவுக்கு ஒரே விஷயம் என்று அரை மணி நேரம் செய்தார்கள். மற்ற சேனல்கள் இரண்டு நிமிஷத்தில் தாண்டும் செய்திக்கு முழு நிகழ்ச்சி. அடுத்து 1979 நவம்பரில் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் பிடிக்கப்பட்டபோது ஏபிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி அந்த ஒரு செய்திக்காகவே இரவு 11.30-க்குத் தினசரி நிகழ்ச்சி ஆரம்பித்தது. பணயக் கைதிகள் சீக்கிரம் திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தார்கள், 444 நாள் ஆயிற்று. அதற்குள் 1980 மார்ச் 24 அன்று அதுவே டெட் கோப்பல் நடத்தும் 'நைட்லைன்' ஆகிவிட்டது, அவர் 2005 வரை அதில் இருந்தார்.

கோப்பலின் அமைப்பைக் கவனியுங்கள், உங்களுக்கு நேராகப் பொருந்தும். முதலில் ஐந்தாறு நிமிஷத்துக்கு அந்த விஷயத்தைப் பற்றி ரிப்போர்ட்டர் செய்த பேக்கேஜ், அதாவது காட்சியும் பேட்டியும் குரலும் சேர்த்து முன்கூட்டியே எடிட் செய்த தொகுப்பு. பார்ப்பவர் கையில் தகவல் வந்துவிடும். பிறகு ஒருவர் அல்லது இருவரிடம் நேரலையில் கேள்வி. விருந்தினர் அதே கட்டடத்தில் இருந்தால்கூட வேறு அறையில் உட்காரவைத்துத் திரை வழியாகவே பேசுவார், அதனால் எல்லா விருந்தினரும் சமம், யாரும் நெறியாளரின் தோளைத் தட்டிப் பேச்சைத் திருப்ப முடியாது. பேக்கேஜ் முதலில் வருவதால் விருந்தினர் புள்ளிவிவரத்தை இஷ்டத்துக்கு அள்ளிவிடவும் முடியாது, ஐந்து நிமிஷம் முன்னால்தான் ஊரே அதைப் பார்த்திருக்கிறது.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை விதித்தது. தீப்பெட்டித் தொழிலை நம்பியிருக்கும் கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்கிறது? விவாத மேஜையில் போட்டால் யாரால் தடை வந்தது என்று கட்சிகள் சண்டை போட்டே ஒரு மணி நேரம் போய்விடும். ஓர் இரவு ஒரு விஷயம் என்றால், பஜாரில் இன்றைக்கும் அந்த லைட்டர் கிடைக்கிறதா என்று ரிப்போர்ட்டர் கடை கடையாகப் போய்ப் பார்ப்பார், பெட்டி அடைக்கும் பெண்களிடம் வேலை நாள் கூடியிருக்கிறதா என்று கேட்பார், மறுநாள் இரவு அந்தப் பேக்கேஜ் ஓடி முடிந்ததும் சிறு தீப்பெட்டி ஆலைக்காரர் ஒருவரும் அதில் வேலை செய்யும் ஒருவரும் உட்கார்ந்து பேசுவார்கள். அந்தத் தொழிலாளிக்கு மூன்று வாக்கியம் இல்லை, எட்டு நிமிஷம் கிடைக்கும்.

இதில் கஷ்டம் இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஒரு ரிப்போர்ட்டரை வைத்துக்கொண்டு வாரம் ஐந்து பேக்கேஜ் முடியாது, அவர் மூன்றாவது வாரமே ஓடிப்போவார். திங்கள், புதன், வெள்ளி மட்டும் புதிய விஷயம் எடுங்கள். செவ்வாயில் முந்தைய இரவு பற்றி நேயர்கள் அனுப்பியதும் போனில் சொன்னதும், ரவீஷ் வழியில். வியாழன் ஓல்பர்மேனைப் போல ஐந்து குட்டிச் செய்தி, எண் போட்டு, ஸ்ட்ரிங்கர்கள் அனுப்புவதைக் கொண்டு. சனிக்கிழமை பேட்டி. ஞாயிறு விட்டுவிடுங்கள். ஆசிரியை மூன்று நாள், ரிப்போர்ட்டரே உட்காரும் நாள் ஒன்றிரண்டு என்று முகத்தையும் பிரித்து வைத்தால் ஒருவர் போனாலும் நிகழ்ச்சி நிற்காது.

ஒரு மணி நேரம் வேண்டும் என்று நண்பர் இன்னமும் பிடிவாதமாக இருக்கிறார், விளம்பரம் அதிகம் போடலாம் என்று. மெக்நீலும் லெரரும் 1983-இல் ஒரு மணி நேரத்துக்குப் போனபோது 'ஓர் இரவு ஒரு விஷயம்' என்பதைக் கைவிட்டுப் பல செய்திகளுக்கு மாறவேண்டியிருந்தது. அவர்களுக்கே அப்படி. கேபிள் விதிகளின்படி மணிக்கு 12 நிமிஷம் விளம்பரம், அரை மணிக்கு 6. மீதி 24 நிமிஷத்தில் 4 தலைப்புச் செய்திக்கு, 6 பேக்கேஜுக்கு, 14 பேச்சுக்கு. எனக்குப் போதுமான அளவாகத் தெரிகிறது. டிஆர்பி பயமும் வேண்டாம், அந்தக் கணக்குப் பெட்டிகள் ஊர்ச் சேனலை அளப்பதில்லை. உங்களுக்கு வரும் வாட்ஸ்அப் எண்ணிக்கையும் கடை விளம்பரம் புதுப்பிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதும்தான் உங்கள் கணக்கு.

முதல் ஆறு வாரத்துக்கான விஷயப் பட்டியலை இப்போதே எழுதி வையுங்கள், பதினெட்டு தேறாவிட்டால் தொடங்கும் தேதியைத் தள்ளிப் போடுங்கள். விருந்தினருக்கு வேறு அறை கிடைக்காவிட்டால் நாற்காலியை நெறியாளருக்குப் பக்கத்தில் போடாமல் எதிரே நன்றாகத் தள்ளிப் போடுங்கள். வாட்ஸ்அப் எண்ணைக் கடைசியில் ஒரு முறை காட்டாமல் அரை மணி நேரமும் திரைக்குக் கீழே நிற்க விடுங்கள், பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமல் படிக்கும்படி.